ஐம்பத்தெட்டு இழை

மோகனூர்
10.10.2024

அன்புள்ள அக்கா இன்னாசிமேரிக்கு, தம்பி செபஸ்தியான் சொல்ல, மருமகள் அக்சிலியா எழுதுவது. இயேசுவுக்கே புகழ். மழைக்கு முன்னால் உன் மூட்டுவலி கொஞ்சம் இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். எனக்குச் சாப்பாடு, தூக்கம், நடை மூன்றுக்கும் குறையில்லை.

போன் போட்டால் உனக்குக் கேட்காது. நாற்பது வருஷத்தில் வெண்ணந்தூர் விசைத்தறி உன் காதைத் தின்றுவிட்டது. எனக்கோ எழுத்து தெரியாது. அதனால் நம் இருவருக்கும் நடுவில் அக்சிலியா பேனாவோடு உட்கார்ந்திருக்கிறாள். மகன் பெனடிக்ட் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் போர்வெல் போடுகிறான். ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவான். இவளுக்கு ஆறாம் மாதம். இது மூன்றாவது. முதல் இரண்டைப் பற்றி நான் சொல்லவும் வேண்டாம், அவள் எழுதவும் வேண்டாம்.

விஷயம் இதுதான். இந்தப் புது வீட்டின் முன்னறையில் பெனடிக்ட் ஒரு கண்ணாடி ஜன்னல் வைத்திருக்கிறான். எட்டடி அகலம், ஏழடி உயரம். உள்ளே இருந்து பார்த்தால் தென்னந்தோப்பு, அதைத் தாண்டிக் காவிரி. வெளியே நின்று பார்த்தாலும் அதில் தென்னந்தோப்புதான் தெரிகிறது. கண்ணாடி தெரியவில்லை. பறவைகள் அதையும் தோப்பு என்று நம்பி வந்து மோதுகின்றன.

முப்பத்தாறு வருஷம் சூரமங்கலத்தில் கீமேனாக இருந்தவன் நான். தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் இரும்புச் சாவியைச் சுத்தியலால் தட்டி, சத்தத்தைக் கேட்டே இறுக்கமா தளர்ச்சியா என்று சொன்னவன். இப்போது மோதுகிற சத்தத்திலேயே எந்தப் பறவை என்று சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் பத்தொன்பது, காலை ஏழே முக்கால், மைனா. இருபத்து மூன்று, தேன்சிட்டு. அக்டோபர் இரண்டு, மரகதப்புறா. அது தன் சிறகின் பொடியைக் கண்ணாடியில் அச்சாக விட்டுவிட்டுச் செத்தது. நேற்று ஆறுமணிக் குருவி. அதற்கு மயக்கம்தான். அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடி, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தேன். பறந்துவிட்டது. மற்ற மூன்றும் போயின.

பக்கத்துத் தோட்டத்துக் கண்ணாத்தாள் வாசலில் நின்று, "மாசமா இருக்கற புள்ள இருக்கற ஊட்டுல குருவி உளுந்து சாவறது நல்லதாப் படலீங்க. பொறக்கற வரைக்கும் புள்ளைய வேற ஊட்டுல வெச்சிருங்க" என்றாள். உள்ளே அக்சிலியா காதில் விழுந்துவிட்டது. இப்போது அதையே எழுதிக்கொண்டும் இருக்கிறாள், பாவம்.

ஜன்னலுக்கு வெளியே கம்பு நட்டு ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். எத்தனை ரயிலை நிறுத்தியவன், ஒரு குருவியை நிறுத்த மாட்டேனா? உனக்கு வேறு வழி தெரிந்தால் எழுது. ஈரத்தில் பார்த்து நட.

தம்பி
செபஸ்தியான்

(பின்பக்கத்தில்)
பெரியம்மா, இது மாமாவுக்குத் தெரியாமல் எழுதுவது. எனக்கு அம்மா இல்லை, உங்களிடம்தான் சொல்ல வருகிறது. ஒவ்வொரு பறவை மோதும்போதும் வயிற்றுக்குள் பிள்ளை துள்ளுகிறது. நானும் துள்ளுகிறேன். எனக்கான பதிலைத் தனித்தாளில் எழுதுங்கள். அதைச் சத்தமாக வாசிக்க மாட்டேன்.
அக்சிலியா

*

வெண்ணந்தூர்
18.10.2024

தம்பி செபஸ்தியானுக்கு, அக்கா ஆசீரோடு எழுதுவது. மூட்டு அப்படியேதான் இருக்கிறது, அதை விடு. உன் கடிதத்தில் புள்ளியும் கமாவும் அக்சிலியாவுடையது, வீம்பு மட்டும் உன்னுடையது என்று பார்த்ததுமே தெரிந்தது.

சிவப்புத் துணியா கட்டினாய்? ரயிலுக்கு டிரைவர் இருக்கிறார். சிவப்பைக் கண்டால் நிற்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். குருவிக்கு யார் சொல்லிக்கொடுத்தது? துணியைச் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்தில் மோதும். நீ நிறுத்தப் பார்க்கிறாய். நிறுத்த வேண்டாம், அங்கே ஒன்று இருக்கிறது என்று தெரிய வைத்தால் போதும். எப்படி என்று யோசித்து எழுதுகிறேன்.

கண்ணாத்தாளை நான் விசாரித்ததாகச் சொல். வாயை அவள் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்.

அக்கா
இன்னாசிமேரி

(தனித்தாளில்)
அக்சிலியா கண்ணு, சத்தத்துக்குப் பிள்ளை துள்ளினால் அதற்குக் காது கேட்கிறது என்று அர்த்தம். இடி விழுந்தாலும் கேட்காத கிழவி நான் சொல்கிறேன், சந்தோஷப்படு. நர்ஸ் சொல்கிற தேதிக்குத் தவறாமல் போ.

*

மோகனூர்
30.10.2024

அக்காவுக்கு, தம்பியின் வணக்கம். இங்கே இரண்டு நாளாகத் தூறல். நான் திடமாக இருக்கிறேன். உனக்கு இருமல் வந்திருந்தால் சுக்கு போட்டுக் குடி.

நீ சொன்னபடியே ஆயிற்று. சிவப்புத் துணியை விட்டு ஒரு முழம் தள்ளி, பதினெட்டாம் தேதி காலை ஒரு கொண்டைக்குருவி மோதியது. உன் கடிதம் வருவதற்கு முன்பே அதைப் புதைத்தாயிற்று.

நாமக்கல்லில் லாரிக்குப் படம் எழுதுகிற மயில்சாமி நம் பக்கத்து வீடுதான். "பெரியவரே, ஒரு கழுகு வரைஞ்சு தாரேன், குருவிக அலறீட்டு ஓடறதைப் பாருங்க" என்றான். இறக்கை விரித்த கழுகு. நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடியில் ஒட்டினோம். மூன்றாம் நாள் அதன் நகத்துக்கு நேர் கீழே ஒரு மைனா. மயில்சாமி தலையைச் சொறிந்துகொண்டு, "கழுகுன்னா பறக்கோணுமுங்க. நம்முளுது ஒரே எடத்துல நிக்குதுல்ல, குருவி கண்டுபிடிச்சுப் போட்டுது" என்றான். அக்சிலியா சிரித்தாள். இந்த மாதத்தில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

உள்பக்கம் திரை போட்டேன். உள்ளே இருட்டானதும் வெளியே தோப்பு இன்னும் பளிச்சென்று தெரிந்தது. மந்திரித்த குருத்தோலைச் சிலுவையை உள்பக்கம் செருகினேன். அன்றே ஒரு மீன்கொத்தி. ஆண்டவர் மேல் எனக்கு வருத்தமில்லை. சிலுவையை வெளியே அல்லவா வைத்திருக்க வேண்டும்?

பெனடிக்ட் போனில், "அப்பா, அந்தக் கண்ணாடிக்காகத்தான் அந்த வீட்டையே கட்டினேன், அதுமேல கண்டதையும் ஒட்டாதீங்க" என்கிறான். அவன் அங்கே பூமியைத் துளைக்கிறான். இங்கே சத்தத்தைக் கேட்பவர்கள் நாங்கள்.

இதுவரை ஏழு மோதின, ஆறு செத்தன. எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. அப்படியே எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

தம்பி
செபஸ்தியான்

(பின்பக்கத்தில்)
பயம் இல்லை என்று எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். பெரியம்மா, விடிந்ததும் கம்பை எடுத்துக்கொண்டு ஜன்னல் முன்னால் போய் நின்றுவிடுகிறார். பத்து மணிக்குத்தான் கஞ்சி குடிக்க வருகிறார். செத்த பறவையை வெறுமனே புதைப்பதில்லை. துணி கிழித்து, சுற்றி, முகத்தை மட்டும் வெளியே விட்டுக் குழிக்குள் வைக்கிறார். போன தடவை என் பிள்ளையைத் தன் துண்டில் அப்படித்தான் சுற்றி சூரமங்கலம் கல்லறைக்குக் கொண்டுபோனார். நான் சமையலறையிலிருந்து பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

*

வெண்ணந்தூர்
9.11.2024

தம்பிக்கு, உன் கை கால் சுகத்துக்கு மாதாவிடம் சொல்லிவிட்டு எழுதுகிறேன்.

வழி கிடைத்தது. என் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது. தறிக்கொட்டகையில் எத்தனை குருவி வந்து போயிருக்கும்! கூரையில் மோதியதைப் பார்த்திருக்கிறேன், விளக்கில் மோதியதைப் பார்த்திருக்கிறேன். தறியில் நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருக்கிற பாவு நூலுக்குள் ஒரு குருவியும் புகுந்ததில்லை. வரிசையாக இழை நின்றால், தன் உடம்பு இதற்குள் நுழையாது என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது.

ஆகையால் ஜன்னலுக்குப் பாவு கட்டு. நாலு இழை முறுக்கிய வெள்ளை நூல் ஒரு கண்டு இதோடு பார்சலில் வருகிறது. மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி. நடுவில் நூலை நெட்டுக்குத்தாக இழுத்துக் கட்ட வேண்டும். மூன்று விஷயம் மறக்காதே. கண்ணாடிக்கு வெளிப்பக்கம்தான் கட்ட வேண்டும். ஓரம் விடாமல் முழு அகலத்துக்கும் கட்ட வேண்டும். இழைக்கு இழை இரண்டு விரல் இடைவெளிதான் இருக்கலாம். அளக்க அக்சிலியாவின் விரலை வை. உன் விரல் பூவன் பழம் மாதிரி இருக்கும்.

பெனடிக்ட் கேட்டால், ஒட்டவில்லை, கட்டியிருக்கிறோம் என்று சொல்.

அக்கா
இன்னாசிமேரி

*

மோகனூர்
22.11.2024

அக்காவுக்கு, அக்சிலியா கையால் தம்பி. உன் முழங்கால் இந்தக் குளிரில் என்ன சொல்கிறது? என்னுடையது ஏணி ஏறி இறங்கியதில் கொஞ்சம் முறைக்கிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் நான் இரண்டு விரல் விடவில்லை, ஒரு சாண் விட்டுக் கட்டினேன். பையன் ஆசைப்பட்ட தோப்பும் ஆறும் மறையக் கூடாதே என்று பார்த்தேன். பதினான்காம் தேதி ஒரு தேன்சிட்டு இரண்டு இழைக்கு நடுவில் நேராகப் புகுந்து போய் மோதியது. என் உள்ளங்கையில்தான் உயிர் போனது. என் பிடிவாதத்துக்கு அது போயிற்று.

அன்றே அவிழ்த்துக் கட்டினோம். அக்சிலியா நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு விரலை வைத்துக் காட்டுவாள், நான் முடிச்சுப் போடுவேன். ஐம்பத்தெட்டு இழை. பதினைந்தாம் தேதியிலிருந்து இன்று வரை ஒன்றுகூட மோதவில்லை அக்கா. நேற்று ஒரு புறா வேகமாக வந்து, நூலைக் கண்டு, மேலே எழும்பிக் கூரையைத் தாண்டிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். கண்ணாத்தாள்கூட, "தறி போட்டுட்டீங்களா பெரியவரே, எனக்கொரு சேலை நெஞ்சு குடுங்க" என்கிறாள்.

வீடு அமைதியாக இருக்கிறது. இந்த அமைதிக்காகத்தான் இரண்டு மாதம் பாடுபட்டேன்.

தம்பி
செபஸ்தியான்

(பின்பக்கத்தில்)
பெரியம்மா, எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. முன்பு சத்தம் கேட்டால் பிள்ளை துள்ளும். பயமாக இருந்தாலும், இருக்கிறது என்று தெரிந்துகொள்வேன். இப்போது சத்தமே இல்லை. பிள்ளையும் முன்பு போல் துள்ளுவதில்லை. அமைதியாக இருப்பதால் துள்ளவில்லையா, இல்லை வேறு ஏதாவதா? மாமா இவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது கேட்க மனம் வரவில்லை.

*

வெண்ணந்தூர்
1.12.2024

தம்பிக்கு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று உத்தரவு போடுகிற அக்கா. ஐம்பத்தெட்டு இழையும் நிற்பது கேட்டு மனம் குளிர்ந்தது. வாரம் ஒரு தடவை முடிச்சுகளை இறுக்கு. வெயிலில் நூல் தொய்யும்.

அக்கா
இன்னாசிமேரி

(தனித்தாளில்)
அக்சிலியா, நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இதைப் படித்ததும் தாளை மடித்து வைத்துவிட்டு செபஸ்தியானைக் கூப்பிடு, ஆஸ்பத்திரிக்குப் போ. சிரிப்பார்கள், வீட்டுக்குப் போ என்பார்கள். சொன்னால் சொல்லட்டும். போனாயா என்று ஒரு வரி எழுது.

*

மோகனூர்
13.12.2024

அக்காவுக்குத் தம்பியின் அன்பு. கர்த்தர் பிறப்புக்கு நீ இங்கே வந்தால் நன்றாக இருக்கும். மூட்டு விடாது என்றால் வற்புறுத்தவில்லை.

ஒரு சின்னத் தொந்தரவு. ஜன்னலின் நடுவில் மூன்று இழை அறுந்திருந்தது. அணில் கடித்திருக்கும் என்று நினைத்து முடிந்துவிட்டேன். மறுநாள் அதே இடத்தில் ஆறு இழை. அந்தச் சந்தில் ஒரு மைனா வந்து மோதிவிட்டது. இருபத்தேழு நாள் கழித்து அந்தச் சத்தம். நான் பின்கட்டில் இருந்தேன். ஓடி வந்து பார்த்தால் அக்சிலியா முன்னறையில் ஜன்னல் பக்கத்திலேயே, வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நிற்கிறாள். "பயந்துட்டியா சாமி?" என்றேன். "இல்லீங்க மாமா" என்றாள்.

அணிலுக்கு என்ன செய்வது? அறுந்த நுனிகள் சிலவற்றைக் கவரில் வைத்திருக்கிறேன். நூலைப் பற்றி உனக்குத் தெரியாததா, பார்த்துச் சொல்.

தம்பி
செபஸ்தியான்

*

வெண்ணந்தூர்
20.12.2024

தம்பிக்கு, சுகமாக இரு. நூல் நுனிகளைப் பார்த்தேன். அணிலாகத்தான் இருக்கும். வேப்பெண்ணெய் தடவிக் கட்டு. உடனே கட்டு.

அக்கா
இன்னாசிமேரி

(தனித்தாளில்)
அக்சிலியா, அறுந்த இழையை முடிந்து முடிந்தே கிழவியானவள் நான். அணில் பல் பட்ட நூல் பஞ்சு விரிந்து நிற்கும். இது ஒரே மட்டமாக இருக்கிறது. கத்தரிக்கோல். இந்தத் தடவை பின்பக்கத்தில் நீ ஒரு வரியும் எழுதவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனாயா என்பதற்கும் பதில் இல்லை. ஏன் கண்ணு வெட்டினாய்? திட்ட மாட்டேன். சொல்.

*

மோகனூர்
27.12.2024

அக்காவுக்கு, தம்பி எழுதச் சொன்னது. பண்டிகைப் பூசைக்குப் போய் வந்தோம். உன் பெயருக்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். வேப்பெண்ணெய் தடவியும் ஆறு இழை மறுபடி அறுந்துவிட்டது. நேற்று அந்தச் சந்தில் இரண்டு பறவை மோதின. அக்சிலியாவுக்கு எட்டாம் மாதம் முடியப் போகிறது. நன்றாக இருக்கிறாள் என்று சொல்கிறாள். உன்னைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது.

தம்பி
செபஸ்தியான்

(பின்பக்கத்தில்)
பெரியம்மா, வெட்டியது நான்தான். ஒரே ஒரு பறவை வந்து மோதட்டும், பிள்ளை துள்ளுகிறதா என்று பார்த்துவிடலாம் என்று வெட்டினேன். அன்றைக்கு மைனா மோதியபோது மெல்லத் துள்ளியது. அந்த மைனாவைக் கொன்றுதான் அதைத் தெரிந்துகொண்டேன். மாமா அதைத் துணியில் சுற்றியபோது ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்றிருந்தது. வாய் வரவில்லை.

நேற்று இரண்டு பறவை மோதின. இரண்டு தடவையும் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் இல்லை. தட்டிப் பார்த்தேன். இன்று காலையிலும் இல்லை.

நீங்கள் போகச் சொன்னீர்கள். நான் போகவில்லை. நர்ஸ் அம்மாவிடம் பொய் சொன்னேன். போன தடவை இப்படித்தான் துடிப்பு குறைவாக இருக்கிறது என்று நானே நடந்து போய்ச் சொன்னேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு அந்த டாக்டரம்மா என் முகத்தைப் பார்க்காமல் துணைக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்க என்னால் முடியாது. போகாமல் இருக்கிறவரை யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள் அல்லவா? மாமாவிடம் எப்படிச் சொல்வேன்? இன்னொரு துண்டை அவர் எடுப்பதை நான் எப்படிப் பார்ப்பேன்?

இது உங்கள் கைக்கு வர மூன்று நாள் ஆகும். அதற்குள் துள்ளிவிடும். துள்ளிவிட்டால் இதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

*

நாமக்கல்
27.12.2024, மாலை

அக்காவுக்கு, செபஸ்தியான். இதை எழுதுவது தபால்காரர் காளியப்பன். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இதோடு இருக்கிற கடிதம் இன்று காலை தபால் பெட்டியில் போட வேண்டியது. அதைப் பிரித்தவன் நான்.

அக்கா, எனக்கு எழுத்துதான் தெரியாது. காது தெரியும். அக்டோபரிலிருந்தே, நான் சொல்லி முடித்த பிறகும் பேனா ஓடிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். பெண்களுக்குள் ஆயிரம் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அணில் என்று நான் சொன்னபோது பேனா நின்றது. கத்தரித்த நூல் எனக்கும் தெரியும் அக்கா. அவளையே பேனா பிடிக்க வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வேன்? அதனால்தான் நுனிகளை உனக்கு அனுப்பினேன். நீயும் அணில் என்று எழுதியதாக அவள் வாசித்தாள். வாசித்த குரல் தளர்ந்திருந்தது.

இன்று நான் சொன்னது ஏழே வாக்கியம். அதற்கு மேல் பேனா அரை மணி நேரம் ஓடியது. நடுவில் மூக்கை உறிஞ்சினாள். பெட்டி வரைக்கும் நடந்து போனேன், கவரைப் போடக் கை வரவில்லை. காளியப்பன் சைக்கிளில் வந்தார். படிக்கச் சொன்னேன். "அடுத்தவிங்க கடுதாசியப் படிக்கப்படாதுங்க பெரியவரே" என்றார். "அனுப்புறவன் பேரு என்ன போட்டிருக்கு?" என்றேன். "செபஸ்தியான்" என்றார். "அது நான்தான். நான் சொன்ன கடுதாசி. என்ன சொன்னேன்னு மறந்துபோச்சு, படிங்க" என்றேன். இத்தனை வயதில் நான் எதையாவது மறந்திருக்கிறேனா? அவருக்கும் தெரியும். படித்தார். பாதிக்கு மேல் அவரால் முடியவில்லை. அவர் போனிலேயே ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம்.

வீட்டுக்குள் போனேன். "கிளம்பு சாமி" என்றேன். என் கையில் பிரித்த கவரைப் பார்த்தாள். "மாமா, துண்டு எடுத்துக்காதீங்க" என்றாள். தோளில் கிடந்ததை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன்.

இங்கே அவள் வயிற்றில் ஒரு கருவியை வைத்தார்கள். பிள்ளையின் இருதயம் பேசுகிற சத்தம் கதவு வழியாக எனக்குக் கேட்டது. இருக்கிறது அக்கா. ஆனால் தளர்ந்த சாவியைத் தட்டினால் வருமே, அந்தச் சத்தம். நடுநடுவே விட்டுவிட்டு வருகிறது. விடுகிற இடத்தில் எல்லாம் என் மூச்சும் நிற்கிறது. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருக்கிறதாம். வயிற்றை அறுத்துப் பிள்ளையை எடுக்க வேண்டும் என்று அவளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். இப்போது கதவு மூடியிருக்கிறது. ஒரு சத்தமும் இல்லை.

துணைக்கு யார் என்று கேட்டார்கள். நான் என்று சொன்னேன்.

*

வெண்ணந்தூர்
31.12.2024

தம்பி, இரண்டு கடிதமும் இன்று ஒன்றாக வந்தன. எதிர்வீட்டு அன்புச்செல்வியை விட்டு அக்சிலியா நம்பருக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருக்கிறதாம். பெனடிக்ட் நம்பரும் எடுக்கவில்லை. மூட்டு வீங்கி நான் வாசல் தாண்ட முடியாமல் கிடக்கிறேன்.

நான் அணில் என்று எழுதியது தப்பு. அவள் மானத்தைக் காப்பாற்றப் பார்த்தேன். உன்னிடம் நேராகச் சொல்லியிருந்தால் ஒரு வாரம் முன்னாலேயே போயிருப்பீர்கள்.

பிள்ளை இருக்கிறதா? அவள் இருக்கிறாளா? வேறு எதுவும் எழுத வேண்டாம். அது மட்டும்.

இன்னாசிமேரி

*

மோகனூர்
15.1.2025

அன்புள்ள அக்காவுக்கு, இயேசுவுக்கே புகழ். இருக்கிறார்கள். இரண்டு பேரும் இருக்கிறார்கள். இரண்டாம் தேதி பெனடிக்ட் அன்புச்செல்வி போனுக்குக் கூப்பிட்டுச் சொன்னான், நீ அழுதாய் என்று அந்தப் பெண் சொன்னாள். ஆனாலும் கடிதத்தில் வந்தால்தான் நீ நம்புவாய் என்று எனக்குத் தெரியும்.

பெண் பிள்ளை. ஒன்றே முக்கால் கிலோ. பிறந்தபோது அழவில்லை. பதினாறு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்தி, அங்கேயும் ஒரு கண்ணாடி வழியாகத்தான் பார்க்க விட்டார்கள். கண்ணாடி எனக்குப் பிடிக்காது என்று உனக்குத் தெரியும். நான்கு நாள் அதன் முன்னால் நின்றேன். பிள்ளை அசையவே இல்லை. பேர் சொல்லுங்கள், எழுத வேண்டும் என்று நர்ஸ் கேட்டார். பேர் வைத்தால் எங்கே போய்விடுமோ என்று பயந்து, நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். ஐந்தாம் நாள் உள்ளே யாரோ எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டுவிட்டார்கள். வெளியே எனக்கே தூக்கிவாரிப் போட்டது. பிள்ளை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு துள்ளியது. தட்டைப் போட்ட அம்மாவை மற்றவர்கள் திட்டினார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று கும்பிட்டேன். அப்புறம்தான் போய்ப் பேர் சொன்னேன். உன் பேர்தான். கோபித்துக்கொள்ளாதே.

நேற்று முன்தினம் வீட்டுக்கு வந்தோம். அறுந்த ஆறு இழையையும் பெனடிக்ட்தான் கட்டினான். "கம்பி எண்ற மாதிரி இருக்குப்பா" என்று முணுமுணுத்துக்கொண்டே கட்டினான். அக்சிலியா பக்கத்தில் நின்று இரண்டு விரலை வைத்துக் காட்டினாள். எண்ணிப் பார்த்தேன், ஐம்பத்தெட்டு. அந்த மைனாவைப் புதைத்த இடத்தில் ஒரு செம்பருத்தி நட்டிருக்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. பிள்ளை தூங்கினால் மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பயம் இல்லை என்று இனி எழுதச் சொல்ல மாட்டேன்.

இன்னொரு கண்டு நூல் அனுப்பு. கண்ணாத்தாள் வீட்டிலும் பெரிய கண்ணாடி வைக்கிறார்களாம். மூட்டுக்கு ஒத்தடம் கொடு.

இந்தக் கடிதமும் அக்சிலியா எழுதுவதுதான். என்னுடையது இதோடு முடிந்தது. பின்பக்கம் அவளுக்கு. நான் தோப்புப் பக்கம் நடந்துவிட்டு வருகிறேன். பேனா எவ்வளவு நேரம் ஓடினாலும் எனக்குக் கேட்காது.

தம்பி
செபஸ்தியான்